சூனிய விசாரணைகள்: ஐரோப்பாவில் அத்தனை பேரைக் கொன்றது கும்பலா, நீதிமன்றமா?

வைகைக்கரை:

பக்கத்து இழையில் "இருண்ட கால ஐரோப்பா" பற்றிப் பேசும்போது நாலைந்து பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். சூனியக்காரி என்று சொல்லி ஆட்களை எரித்தது படிப்பறிவில்லாத பாமர ஜனங்களின் வெறி என்றும், அச்சும் அறிவியலும் வந்ததும் அது தானாக ஓய்ந்துவிட்டது என்றும். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அங்கே எழுதினால் பேச்சு திசைமாறும் என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

முதலில் காலம். வேட்டை உச்சத்தில் இருந்தது ஏறத்தாழ 1560 முதல் 1630 வரை. கலிலியோ தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்த காலம், ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதிய காலம். அச்சகம் வந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. உண்மையான இடைக்காலத்தில், பத்தாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவத் திருச்சபை விதி ஒன்று, பெண்கள் இரவில் விலங்குகள் மீதேறிப் பறப்பதாகச் சொல்வது மனமயக்கம், அதை நிஜம் என்று நம்புகிறவன்தான் வழிதவறியவன் என்றது. அந்த நிதானத்தைக் கைவிட்டவர்கள் பின்னால் வந்த படித்தவர்கள்.

அடுத்து, கொன்றது யார்? ஜெர்மனியின் பாம்பெர்க்கை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆயரே (பிஷப்) அரசர். 1626 முதல் 1631 வரை அவர் ஆளுகையில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். சூனிய வழக்குக் கைதிகளுக்கென்றே 1627-ல் தனிச் சிறை கட்டினார்கள். விசாரணை ஆணையர்கள் சட்டம் படித்தவர்கள். ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் எழுத்தர் எழுதிவைத்தார்.

அந்தச் சிறைக்குள் போனவர்களில் ஒருவர் யோஹன்னஸ் யூனியுஸ். நகர மேயராக இருந்தவர், வயது 55. அவர் மனைவியை அதே குற்றச்சாட்டில் முன்பே கொன்றிருந்தார்கள். 1628 ஜூன் கடைசியில் இவரை விசாரித்தார்கள். கட்டைவிரல்களைத் திருகில் வைத்து நசுக்கினார்கள். பிறகு கைகளைப் பின்னால் கட்டி, கயிற்றில் மேலே இழுத்து, அப்படியே கீழே விட்டார்கள். எட்டு முறை.

ஜூலை 24 தேதியிட்டு மகள் வெரோனிகாவுக்கு அவர் ரகசியமாக எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. குற்றமற்றவனாகச் சிறைக்கு வந்தேன், குற்றமற்றவனாக வதைபட்டேன், குற்றமற்றவனாகவே சாகப்போகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கைகள் முடமாகிவிட்டதால் எழுதி முடிக்கப் பல நாளாயிற்று என்கிறார். அவரை வதைத்த ஆளே கெஞ்சினானாம்: ஐயா, கடவுள் பேரால் கேட்கிறேன், உண்மையோ பொய்யோ எதையாவது ஒப்புக்கொள்ளுங்கள், கற்பனையாகவாவது சொல்லுங்கள், இனி வரப்போவதை உங்களால் தாங்க முடியாது, தாங்கினாலும் விடமாட்டார்கள்.

அவரும் ஒரு கதையைக் கட்டினார். தோட்டத்தில் ஒரு பெண் வந்தாள், பிறகு ஆடாக மாறினாள் என்று. அது போதவில்லை. சூனியக்காரர் கூட்டத்தில் யார் யாரைப் பார்த்தாய் என்றார்கள். யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றதும், தெருத் தெருவாக ஆரம்பி என்றார்கள். இந்தத் தெருவில் யார், அடுத்த தெருவில் யார் என்று ஊரையே வரிசையாகக் கேட்டு, பெயர் வரும்வரை விடவில்லை.

கடிதத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. தனக்கு எதிராக வாக்குமூலம் கொடுத்த ஆறு பேரின் பெயரையும் எழுதி, எல்லாம் வற்புறுத்தலால் சொன்ன பொய், சாகும் முன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்கிறார். ஆகஸ்ட் 6 அன்று அவரைக் கொன்றார்கள்.

இதில் கும்பல் எங்கே இருக்கிறது? ஒரு கோப்பு முடியும்போது அதிலிருந்து பத்துக் கோப்பு பிறக்கும்படி நடைமுறையை வகுத்தவர்கள்தான் இத்தனை பேரைக் கொன்றார்கள். இதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

செம்பருத்தி:

கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. ஆனால் வைகை அண்ணா, நீங்கள் எடுத்த உதாரணமே ஒரு ஆண், அதுவும் மேயர். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். 90 லட்சம் பெண்கள் என்று படித்திருக்கிறேன். மருத்துவச்சிகளையும் நாட்டு வைத்தியம் தெரிந்த பெண்களையும் குறிவைத்து அழித்தார்கள் என்றும். அதைச் சொல்லாமல் நடைமுறை, கோப்பு என்று பேசினால் விஷயமே நழுவிவிடுகிறது.

நூலகத்தான்:

90 லட்சம் என்ற எண்ணுக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. 1784-ல் ஃபோய்க்ட் என்ற ஜெர்மானியர் தன் ஊரான க்வெட்லின்பர்க் ஆவணங்களில் கண்ட சில வழக்குகளை எடுத்து, அதை ஐரோப்பா முழுவதற்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கினார். விடை தொண்ணூறு லட்சத்துக்கு மேல் வந்தது. பின்னால் வந்தவர்கள் கணக்கைச் சரிபார்க்காமல் எடுத்தாண்டார்கள், அவ்வளவுதான்.

ஊர் ஊராக ஆவணங்களைப் புரட்டி இப்போது ஆய்வாளர்கள் சொல்வது: மூன்று நூற்றாண்டுகளில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 40,000 முதல் 60,000 வரை. அதில் பாதிக்கு நெருக்கமாக அன்றைய ஜெர்மானியப் பேரரசின் நிலப்பகுதிகளில். பெண்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, சில இடங்களில் அதற்கும் மேல்.

மருத்துவச்சிகளில் சிலர் மாட்டிக்கொண்டது உண்மை. ஆனால் அவர்களைத் தேடிப்பிடித்து அழித்ததாக ஆவணங்கள் காட்டவில்லை. கைதியின் உடம்பில் சாத்தான் வைத்த அடையாளம் இருக்கிறதா என்று சோதிக்க நீதிமன்றமே மருத்துவச்சிகளைத்தான் கூப்பிட்டது.

எண்ணைக் குறைத்தால் கொடுமை குறையும் என்று நான் சொல்லவில்லை. செத்தவர்களுக்குக் கணக்கிலாவது நியாயம் செய்ய வேண்டும்.

பொன்னிநதி:

கிரிமினல் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் காலச் சட்டப் புத்தகம்தான்.

பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1532-ல் ஒரு குற்றவியல் சட்டம் கொண்டுவந்தார், கரோலினா என்பார்கள். காட்டுமிராண்டிச் சட்டம் என்று நினைத்துப் படித்தால் ஏமாந்துபோவீர்கள். மந்திரத்தால் தீங்கு செய்தால்தான் தீ. தீங்கு நேராவிட்டால் நீதிபதி பார்த்துத் தண்டிக்கலாம். முழுச் சாட்சியம் என்றால் நேரில் கண்ட இரண்டு சாட்சிகள், அல்லது ஒப்புதல் வாக்குமூலம். போதிய அறிகுறி இல்லாமல் வதைக்கக் கூடாது. பதிலைக் கேள்வியிலேயே திணிக்கக் கூடாது. வதையில் சொன்னதைப் பிறகு வதையில்லாமல் உறுதிசெய்ய வேண்டும்.

இவ்வளவு காவல் இருந்தும் எப்படி ஓட்டை விழுந்தது? சூனியத்தை யாரும் நேரில் பார்க்க முடியாது. ஆகவே கண்ட சாட்சி கிடைக்காது. மிச்சமிருப்பது வாக்குமூலம் ஒன்றுதான். அதைக் கறக்க வதை. உறுதிசெய்ய மறுத்தால் மறுபடி வதை. அதற்கு மேல், இது சாதாரணக் குற்றமில்லை, விதிவிலக்கான குற்றம், வழக்கமான வரம்புகள் இதற்குப் பொருந்தாது என்று சட்ட அறிஞர்களே எழுதிக்கொடுத்தார்கள். என்னைப் பொறுத்தவரை எல்லாக் கேட்டுக்கும் மூலம் அந்த ஒரு வாதம். "இந்தக் குற்றம் வேறு மாதிரி" என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்ட கணத்தில் கைதிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

நீதிபதிக்கும் இல்லை. ட்ரியர் நகரத் தலைமை நீதிபதியாக இருந்த டீட்ரிக் ஃபிளாடே 1589-ல் அதே குற்றத்துக்காகக் கொல்லப்பட்டார். பாம்பெர்க்கின் தலைமை அமைச்சர் ஹான், வழக்குகளில் மென்மையாக நடந்துகொண்டார் என்பதே சந்தேகமாகி, குடும்பத்தோடு அழிந்தார். யூனியுஸ் கடித ஓரத்தில் வரும் ஆறு பேரில் முதல் பெயர் அவருடையதுதான்.

யாழ்நேசன்:

வணக்கம். நான் இருக்கிறது ஜேர்மனியில, ஸ்ருட்காட்டில. இங்கயிருந்து எஸ்-பான் ரயிலில லியோன்பேர்க் கிட்டத்தான். வானியலாளர் கெப்ளரின்ர தாயார் கத்தரீனா இருந்த ஊர் அது. அந்த வழக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவா எழுதலாம் எண்டு நினைக்கிறன், ஏனெண்டா ஆள் தப்பின வழக்கில இருந்துதான் மற்ற வழக்குகள் எப்பிடி நடந்திருக்கும் எண்டு தெரியும்.

1615-ல ஊர்சுலா ரைன்போல்ட் எண்ட பெண், கத்தரீனா தந்த கசப்பான பானத்தைக் குடிச்சுத்தான் தனக்கு வருத்தம் வந்தது எண்டு சொல்லத் தொடங்கினா. ரெண்டு பேரும் முந்திச் சிநேகிதம், பேந்து பகை. ஊர்சுலாவின்ர தமையன் இளவரசர் வீட்டு நாவித வைத்தியன். அவனும் ஊர் அதிகாரி ஐன்ஹோர்னும் கத்தரீனாவைக் கூப்பிட்டு, வாளைக் காட்டி, நீதான் செய்தாய், நீயே மாத்து எண்டு வெருட்டியிருக்கினம். குடும்பம் சும்மா இருக்கேல்ல, மானநட்ட வழக்குப் போட்டது. அந்த வழக்கை இழுத்தடிச்சே இவாவைக் குற்றவாளி ஆக்கிப்போட்டினம்.

ஊரில கதை ஒண்டு எழும்பினா, பழைய கதையெல்லாம் அதில வந்து ஒட்டும். செங்கல் சுமந்துகொண்டு போன ஒரு பெட்டை, கிழவி பக்கத்தால போகேக்க தன்ர கையில அடிச்சா, கை விறைச்சுப் போச்சு எண்டாள். ஐன்ஹோர்னுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் குடுக்கப் பாத்தா எண்டது இன்னொரு குற்றம். செத்த தகப்பனின்ர மண்டையோட்டைத் தோண்டி எடுத்துத் தரச்சொல்லிக் குழிவெட்டுறவனைக் கேட்டா, மகனுக்குக் கிண்ணம் செய்ய, எண்டதும் வந்தது. கடைசியா 49 குற்றச்சாட்டு.

1620 ஆகஸ்டில, மகள் வீட்டில இருந்த மனுசியை ராவோட ராவா ஒரு பெட்டிக்குள்ள வைச்சுத் தூக்கிக்கொண்டு போச்சினம். எழுபது தாண்டின கிழவி. சங்கிலி போட்டு, ரெண்டு காவலாளி வைச்சு, அவையின்ர செலவையும் அவாவின்ர சொத்திலதான் எடுத்தவை. 14 மாசம் உள்ளுக்க.

கெப்ளர் லின்ஸில இருந்து வந்து, எல்லா விசாரணையும் எழுத்தில நடக்கோணும் எண்டு நிண்டார். ஏனெண்டா எழுத்தில எண்டால் பதில் எழுதலாம், நேரம் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எடுத்து நோண்டினார். ஊர்சுலாவின்ர வருத்தம் முதலே இருந்தது, முந்தி எடுத்த மருந்துகளால வந்தது. பெட்டையின்ர கை பாரமான செங்கல் சுமந்ததால விறைச்சது. சாட்சிக்குச் சாட்சி எங்க முரண்படுது, எந்தச் சாட்சிக்கு எப்ப வயசு எத்தினை எண்டு ஒரு பெரிய மறுப்பு மனு. கோள்களின்ர பாதையைக் கணிச்ச அதே பொறுமை. நான் அந்த மனுசனில வைச்சிருக்கிற மரியாதை, கோள்களின்ர விதிகளை விட இதாலதான் கூட.

டூபிங்கன் சட்டபீடம் சொன்ன முடிவு: வதைக்க வேண்டாம், ஆயுதங்களைக் காட்டி வெருட்டிக் கேளுங்கோ. 1621 செப்டம்பர் 28. வதைக்காரன் ஒவ்வொரு கருவியா எடுத்துக் காட்டி விளக்கினான். கத்தரீனா சொன்னது: என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ, உடம்பில இருக்கிற நரம்பை ஒவ்வொண்டா உருவினாலும் ஒப்புக்கொள்ள என்னட்ட ஒண்டும் இல்ல. முழங்காலில இருந்து செபம் சொன்னா. விட்டினம். அடுத்த வருசம் ஏப்ரலில செத்துப்போனா.

சட்டம் ஒழுங்கா நடந்தால் தப்பலாம் எண்டு இதை வைச்சுச் சொல்லலாம். ஆனா பேரரசரின்ர கணிதவியலாளர் எல்லாருக்கும் மகனா வாய்க்கிறதில்லையே. அதே லியோன்பேர்க்கில அதே அதிகாரி காலத்தில வேற பெண்கள் கொல்லப்பட்டவை. அவைக்கு மனு எழுத ஆள் இல்ல.

செம்பருத்தி:

யாழ்நேசன் அண்ணா, அந்த 14 மாதம் என்பதைத் தாண்ட முடியவில்லை. நன்றி.

கரிசல்மண்:

எல்லாரும் சட்டத்தையே பேசுகிறீர்கள். வயிற்றைப் பேசுங்கள். அந்தக் காலம் ஐரோப்பாவில் குளிர் கடுமையாக இருந்த காலம். 1562 ஆகஸ்டில் தென் ஜெர்மனியில் பேய்மாதிரி ஆலங்கட்டி மழை அடித்துப் பயிரெல்லாம் போனது. வீசன்ஸ்டைக் என்ற சின்ன ஊரில் அதற்குப் பிறகு 63 பேரை எரித்தார்கள். வானிலையைக் கெடுத்தது இவர்கள் என்று. 1626 மே கடைசியில், திராட்சை தளிர்த்து நிற்கும்போது, ஒரே ராத்திரியில் கடும் உறைபனி. பாம்பெர்க், வூர்ட்ஸ்பர்க் பக்கம் கொடியெல்லாம் கருகியது. வைகை சொல்லும் பாம்பெர்க் வேட்டை எந்த வருடம் தொடங்குகிறது? அதே 1626.

விவசாயி குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது புரியும். ஒரே ராத்திரியில் வருடத்துச் சோறு போனால், காரணம் கேட்டுத்தான் ஆவான். எரிக்கச் சொல்லி மனுக் கொடுத்ததே ஊர்க்காரர்கள்தான். அரசு அதற்கு இணங்கியது. கும்பல் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

வைகைக்கரை:

கரிசல் சொன்ன பனியும் பசியும் மறுக்க முடியாதவை. மேலே இருந்து யாரும் தூண்டாமலே கிராமங்கள் தாங்களாகவே குழு அமைத்து ஆட்களைப் பிடித்துக் கொடுத்த இடங்களும் உண்டு. ஆனால் ஒரு கேள்வி. பனி எல்லோருக்கும் பொதுவாகப் பெய்தது. பயமும் எல்லா ஊரிலும் இருந்தது. பிறகு ஏன் ஓரிடத்தில் நூற்றுக்கணக்கில் சாவு, இன்னோரிடத்தில் கைவிரல் எண்ணிக்கை?

பிரான்சைப் பாருங்கள். பாரிஸ் உயர் நீதிமன்றத்தின் எல்லை நாட்டில் பாதி. கீழ் நீதிமன்றம் சூனியத்துக்காகக் கொடுக்கும் தண்டனை எதுவானாலும் தானாகவே தன்னிடம் மேல்முறையீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று 1624-ல் அது கட்டாயமாக்கியது. வந்தவற்றில் பெரும்பாலானவற்றைக் குறைத்தது அல்லது தள்ளுபடி செய்தது. ஊரில் பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வேட்டை பரவ முடியவில்லை.

அதைவிடப் பெரிய உதாரணம் ஸ்பெயின். 1609-ல் பாஸ்க் நாட்டில் பீதி கிளம்பியது. 1610 நவம்பரில் லோக்ரோன்யோவில் 6 பேரை உயிரோடு எரித்தார்கள்; சிறையிலேயே செத்துப்போன 5 பேருக்காக உருவங்களை எரித்தார்கள். அந்த வழக்கை நடத்தியது மதக் குற்றங்களை விசாரிக்கும் ஸ்பானிய விசாரணை மன்றம் (இன்குவிசிஷன்). அதன் மூன்று விசாரணையாளர்களில் இளையவர் அலோன்சோ தெ சலசார் ஃப்ரியாஸ். மறு வருடம் அவரை மலைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ஒப்புக்கொள்கிறவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்று அறிவித்துவிட்டுப் போனார். 1,802 பேர் வந்து நானும் சூனியக்காரன், சூனியக்காரி என்றார்கள். அதில் 1,384 பேர் குழந்தைகள்.

வேறு யாராக இருந்தாலும் இத்தனை வாக்குமூலத்தைக் கண்டு மிரண்டிருப்பார். சலசார் சோதித்தார். கூட்டம் எங்கே நடந்தது என்று தனித்தனியாகக் கேட்டார்; ஒருவர் சொன்ன இடத்துக்கும் இன்னொருவர் சொன்ன இடத்துக்கும் ஒட்டவில்லை. கூட்டம் நடப்பதாகச் சொன்ன இரவில் அந்த இடத்தில் அவர் எழுத்தர்களே நின்றார்கள், ஒருவரும் வரவில்லை. பறக்க உதவும் களிம்பு என்று கொண்டுவந்த சட்டிகளைப் பிராணிகளிடம் சோதித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அவர் எழுதிய அறிக்கையில் ஒரு வாக்கியம்: இதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை இங்கே சூனியக்காரரும் இருந்ததில்லை, சூனியம் பிடித்தவரும் இருந்ததில்லை. 1614-ல் தலைமை மன்றம் அதை ஏற்று, சாட்சியம் பற்றிக் கடுமையான விதிகள் போட்டது. அதோடு ஸ்பானிய விசாரணை மன்றம் சூனியத்துக்காக எரிப்பது ஏறக்குறைய நின்றது.

ஊர்க்காரன் மனுக் கொடுத்தான் என்பது சரி. மனுவை வாங்கியவன் என்ன செய்தான் என்பதில்தான் அத்தனை உயிரும் தொங்கியது.

தீப்பொறி:

இதைத்தான் எதிர்பார்த்தேன். கடைசியில் ஸ்பானிய விசாரணை மன்றத்துக்கே நற்சான்றிதழ். யூதர்களையும் மதம்மாறிய முஸ்லிம்களையும் அது என்ன செய்தது என்று தெரியாதா? 1484-ல் சூனியத்துக்கு எதிராகப் போப்பின் ஆணை, 1486-ல் "சூனியக்காரிகளின் சம்மட்டி" என்ற வேட்டைக் கையேட்டை எழுதிய கிராமர் ஒரு துறவி, பாம்பெர்க், வூர்ட்ஸ்பர்க்கில் எரித்தது ஆயர்கள். மதத்தின் கையில் ரத்தம் இல்லை என்கிறீர்களா?

நூலகத்தான்:

அப்படி இங்கே யாரும் சொல்லவில்லை, தோழர். மற்றவர்களை அந்த மன்றம் வதைத்தது வரலாறு. அதை மறைக்காமலே இதையும் சொல்ல முடியும்.

கிராமர் பற்றி: அந்தப் புத்தகம் எழுதும் முன், 1485-ல் இன்ஸ்ப்ரூக்கில் வேட்டையாடப் போனார். ஹெலினா ஷாய்பெரின் என்ற பெண்ணிடம் அவர் அந்தரங்கக் கேள்விகள் கேட்கத் தொடங்கியதும் உள்ளூர்ச் சபை அதிகாரிகளே தடுத்தார்கள். வழக்கு செல்லாது என்று பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஊரைவிட்டுப் போ என்று ஆயர் கோல்சர் அவரைத் துரத்தாத குறை. அந்தத் தோல்வியின் வன்மத்தில் எழுதியதுதான் புத்தகம்.

புராட்டஸ்டன்ட் பகுதிகளும் குறைந்ததில்லை. கத்தரீனாவைப் பிடித்த வூர்ட்டம்பெர்க் லூத்தரன் நாடு. எதிர்த்து எழுதியவர்களிலும் சபைக்காரர் உண்டு. ஃபிரீட்ரிக் ஸ்பே ஒரு ஜேசுட் (கத்தோலிக்க இயேசு சபை) பாதிரியார். 1631-ல் பெயர் போடாமல் வெளியிட்ட நூலில், நீதிபதிகளையும் குருக்களையும் என்னையும் இதே வதைக்கு உட்படுத்துங்கள், நாங்கள் எல்லோருமே சூனியக்காரர்கள் என்று தெரிந்துவிடும் என்று எழுதினார்.

மழைத்துளி:

இங்கிலாந்தில் சித்திரவதைக்கே சட்டத்தில் இடமில்லை என்று படித்தேன். அப்படியானால் அங்கே யாரும் ஒப்புக்கொண்டிருக்கவே கூடாதே?

பொன்னிநதி:

நல்ல கேள்வி தம்பி. அங்கே எரிக்கவும் மாட்டார்கள், தூக்குத்தான். முழுக் காலத்துக்கும் சுமார் 500 பேர். ஜனத்தொகை மிகக் குறைந்த ஸ்காட்லாந்தில் 2,500 பேர் அளவில் கொல்லப்பட்டார்கள், அங்கே கழுத்தை நெரித்துவிட்டு எரிப்பார்கள். இந்த வித்தியாசத்துக்கு வதையும் உள்ளூர் ஆணைக்குழுக்களும் பெரிய காரணம்.

ஆனால் கயிறும் திருகும் இல்லாமலே வாக்குமூலம் வாங்கலாம். உள்நாட்டுப் போரால் நீதி அமைப்பு ஆட்டங்கண்டிருந்த 1645–47-ல் மேத்யூ ஹாப்கின்ஸ் என்பவர் கிழக்கு இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய்க் கூலி வாங்கிக்கொண்டு ஆள்பிடித்தார். கைதியை இரவு பகலாக ஒரு முக்காலியில் உட்காரவைத்துத் தூங்கவிடாமல் செய்வது, கண் சொருகினால் எழுப்பி நடக்கவிடுவது. சில இரவுகள் போதும். 1645 ஆகஸ்டில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் ஒரே நாளில் 18 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

1612 லங்காஸ்டர் வழக்கில் வதையே தேவைப்படவில்லை. ஜெனட் டிவைஸ் என்ற சிறுமி, ஒன்பது வயது இருக்கும். பெற்ற தாய்க்கு எதிராகச் சாட்சி. தாய் கதறிய கதறலில் குழந்தையால் பேச முடியவில்லை என்று தாயை வெளியே கொண்டுபோய்விட்டு, பிள்ளையை ஒரு மேசைமேல் ஏற்றி நிற்கவைத்துச் சொல்லவைத்தார்கள். தாயைத் தூக்கிலிட்டார்கள். குழந்தைச் சாட்சி விசாரணை நான் நீதிமன்றத்தில் பார்ப்பவன். அந்த மேசையை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

செம்பருத்தி:

என் பழைய கேள்விக்கே வருகிறேன். எண் 90 லட்சமோ 50,000-மோ, நான்கில் மூன்று பேர் ஏன் பெண்கள்? நடைமுறை எல்லோருக்கும் பொது என்றால் கயிறு ஏன் இவர்களையே தேடிவந்தது?

இந்த இழையில் வந்ததை வைத்தே பார்க்கிறேன். கத்தரீனா வீட்டில் காய்ச்சிய பானத்தைப் பக்கத்து வீட்டாளுக்குக் கொடுத்தாள். உணவு, பால், வெண்ணெய், பிரசவம், குழந்தைக் காய்ச்சல், எல்லாம் பெண்கள் கையில். அங்கே எது கெட்டாலும் பழி கைபட்டவள் மேல்தான் விழும். குற்றம் சொன்னவர்களிலும் பெண்கள் நிறைய, ஊர்சுலாவும் பெண்தானே. கணவன் இல்லாத கிழவி வாய்த்துடுக்காகப் பேசினால், அவளுக்காக வந்து நிற்க ஆள் கிடையாது. பெண் புத்தி பலவீனம், சாத்தானுக்குச் சீக்கிரம் இணங்கிவிடும் என்று கிராமர் பக்கம் பக்கமாக எழுதிவைத்தது, ஏற்கெனவே ஊரில் இருந்த வெறுப்புக்குப் படித்தவன் போட்ட முத்திரை. நீங்கள் சொல்லும் நடைமுறை யாரை விழுங்கும் என்பதை இந்த வெறுப்பு முன்பே தீர்மானித்துவிட்டது. இதை விட்டுவிட்டு நீதிமன்றத்தை மட்டும் பேச எனக்குச் சம்மதமில்லை.

நூலகத்தான்:

இதில் ஒரு வரி சேர்க்கலாம். ஐஸ்லாந்திலும் நார்மண்டியிலும் எஸ்டோனியாவிலும் தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மை ஆண்கள். நார்மண்டியில் ஆடு மேய்க்கிறவர்கள் நிறைய. மந்திரம் யார் கையில் இருப்பதாக ஊர் நம்பியதோ, அவர்களைத்தான் பிடித்தார்கள். செம்பருத்தி சொன்னதற்கு இது எதிர்ச்சான்று ஆகாது. அவர் சொன்னது போல, வழக்குக்கு முன்பே ஊர் முடிவு செய்திருந்தது.

வைகைக்கரை:

செம்பருத்தி சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். யார்மேல் சந்தேகம் விழும் என்பதை ஊர் தீர்மானித்தது. ஒரு சந்தேகம் நூறு சாவாகுமா என்பதை நீதிமன்றம் தீர்மானித்தது. பாம்பெர்க்கில் தெருத் தெருவாகப் பெயர் கேட்கத் தொடங்கிய பிறகு மேயரும் அமைச்சரும்கூட மிஞ்சவில்லை.

மழைத்துளி:

கடைசியாக ஒன்று. எரித்தவர்களில் யாராவது தண்டிக்கப்பட்டார்களா? செத்தவர்களிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா?

பொன்னிநதி:

பாம்பெர்க் ஆயர் மீது பேரரசரிடம் முறையீடுகள் போயின. வியன்னாவிலிருந்து கண்டன ஆணைகள் வந்தன. ஆனால் வேட்டை முழுதாக ஓய்ந்தது 1631-ல் ஸ்வீடன் படை நெருங்கியபோதுதான். ஆயர் ஓடிப்போய் 1633-ல் ஆஸ்திரியாவில் செத்தார். எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.

மன்னிப்பு வர நாளாயிற்று. சுவிட்சர்லாந்தின் கிளாரூஸில் 1782-ல் தலைவெட்டிக் கொல்லப்பட்ட வேலைக்காரப் பெண் அன்னா கோல்டியைக் குற்றமற்றவள் என்று அந்த மாநில மன்றம் 2008-ல் அறிவித்தது. ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் 2022 மார்ச் 8 அன்று நாடாளுமன்றத்தில் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் மன்னிப்பு வேறு, சட்டப்படி தண்டனையை ரத்து செய்வது வேறு. கோல்டிக்குக் கிடைத்தது இரண்டாவது. ஸ்காட்லாந்துப் பெண்களுக்கு அன்று கிடைத்தது முதலாவது மட்டும்.